மலைச்சாலை – 12: பேரிகார்டுக்கு முன்னால் நிற்கிறவர்

இரவு எட்டு மணியைத் தாண்டினால் நீலகிரியின் மசினகுடியில் ஓர் அவசரம் தொற்றிக்கொள்ளும். பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை வண்டி ஓடக் கூடாது என்ற தடை 2009-இல் வந்தது. ஆம்புலன்ஸ், குறிப்பிட்ட சில அரசுப் பேருந்துகள் தவிர மற்ற எல்லாருக்கும் மாநில எல்லையான கக்கநல்லாவில் கட்டை இறங்கிவிடும். குண்டல்பேட்டை வழியாக மைசூர், பெங்களூர் போகிறவர்கள் அதற்குள் தாண்டியாக வேண்டும். ரிசார்ட்டில் சாப்பாடு தாமதமாகியிருக்கும், பில் போடத் தாமதமாகியிருக்கும், தூங்கிப்போன பிள்ளையைப் பின் சீட்டில் கிடத்தக் கொஞ்சம் நேரம் போயிருக்கும். இழந்த நிமிடங்களை எல்லாம் சாலையில்தான் ஈடுகட்ட வேண்டும். நல்ல நிலையிலுள்ள காரை நல்ல மனிதர் ஒருவர் கெட்ட வேகத்தில் ஓட்டும் நேரம் அது.

அந்த நேரத்தில்தான் சாலையின் குறுக்கே ஒரு காவலர் டார்ச்சோடு நிற்கிறார்.

சோதனைச்சாவடி என்றதும் நமக்குத் தோன்றுவது வேறு. லைசென்ஸ் எங்கே, ஆர்.சி. எங்கே, இ-பாஸ் எடுத்தாயா, பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்ற கேள்விகள், நீளும் வரிசை, அங்கங்கே நடக்கும் வசூல் பற்றிய பேச்சு. அந்தப் புகார்களில் உண்மை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு தகர உடல் இருக்கிறது, சீட் பெல்ட் இருக்கிறது, காற்றுப்பை இருக்கிறது. வெளியே நிற்பவருக்குக் காக்கிச் சட்டையும், கிடைத்திருந்தால் ஒளிரும் மேல்சட்டையும் மட்டும்தான்.

சென்ற வாரம் கல்லட்டிப் பாதையைப் பார்த்தோம். 36 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியின் 2,200 மீட்டர் உயரத்திலிருந்து மசினகுடியின் ஆயிரம் மீட்டருக்கு ஒரேயடியாக இறங்கும் சாலை. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகளின் கார் இங்கே பள்ளத்தில் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். வண்டி கிடந்த இடமே இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதன்பிறகு வெளியூர் வண்டிகள் ஊட்டியிலிருந்து இந்த வழியாக இறங்கத் தடை வந்தது. ஊட்டிப் பக்கம் இந்தப் பாதை பிரியும் தலைகுந்தாவில் நிற்கும் காவலரின் வேலை அந்தத் தடையைக் காப்பது. கூகுள் மேப் காட்டும் குறுக்கு வழியை நம்பி வந்தவரிடம், கூடலூர் சுற்றிப் போங்கள் என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். ‘முப்பது கிலோமீட்டருக்குப் பதிலா அறுபது கிலோமீட்டர் சுத்தணுமா?’ என்ற கோபத்தை நாள் முழுக்க வாங்கிக்கொள்ளவும் வேண்டும்.

மலைக்கு அடியில் நிற்பவரின் ஆபத்து வேறு மாதிரி. செகண்ட் கியரில் இறங்கத் தெரியாதவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். பட்டை காயும், பிரேக் ஆயில் கொதிக்கும், கடைசியில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். அப்படி வருகிறவர் காவலரைப் பார்க்கிறார், நிறுத்தவும் நினைக்கிறார்; வண்டிதான் நிற்காது. சமவெளியில் நிற்காமல் போகிறவன் மேல் சந்தேகப்படலாம். மலையடிவாரத்தில் நிற்காமல் வருகிறவனுக்கு வழிவிட்டு ஒதுங்குவதுதான் புத்தி. இந்த வித்தியாசம் சமவெளியிலிருந்து மாற்றலாகி வரும் காவலருக்கு அனுபவத்தில்தான் தெரிய வேண்டும் என்று விட்டுவைப்பது சரியில்லை.

கணக்கையும் பார்த்துவிடலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் கார் ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் கண்டு, புரிந்து, காலை பிரேக்குக்கு மாற்ற ஒன்றரை விநாடி பிடித்தால் 25 மீட்டர் போய்விடும். அதன்பிறகு காய்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் 20 மீட்டர். ஆக மொத்தம் 45. தாழ்த்திய ஹெட்லைட்டில் ஒளிராத உடை அணிந்த ஆள் பல சமயம் அதைவிடக் குறைந்த தூரத்தில்தான் கண்ணுக்குப் படுவார். மழை ஈரமோ தலைகுந்தா பக்கத்து மூடுபனியோ சேர்ந்தால் கணக்கே வேறு. வேகம் 40 ஆக இருந்தால் இதே தூரம் 26 மீட்டராகச் சுருங்கிவிடும். அதாவது, காவலர் பிழைப்பதும் பிழைக்காததும் அவர் கை காட்டும் இடத்தில் தீர்மானமாவதில்லை. அதற்கு நூறு மீட்டர் முன்னாலேயே தீர்மானமாகிவிடுகிறது. அங்கே வேகத்தடையும், எச்சரிக்கை விளக்கும், மாற்றி மாற்றி வைத்த பேரிகார்டுகளும் இருக்க வேண்டும். நம் ஊர் பேரிகார்டைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் நகைக்கடை விளம்பரம் பளிச்சென்று இருக்கும், அதன் ஓரத்தில் ஒளிரும் பட்டை உரிந்து தொங்கும்.

இதுவரை சொன்னது விபத்து. வேண்டுமென்றே நடப்பதும் உண்டு.

2020 ஜனவரி 8, இரவு ஒன்பதரை மணி வாக்கில், கன்னியாகுமரி மாவட்டம் களியக்காவிளை சோதனைச்சாவடியில் பணியிலிருந்த சிறப்பு எஸ்.ஐ. வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 57; ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தன. கொன்ற இருவரும் நடந்து வந்து, சுட்டுவிட்டு, ஓடிப்போனார்கள். ஒரு வாரத்துக்குள் கர்நாடகத்தின் உடுப்பியில் பிடிபட்டார்கள். தங்கள் கூட்டாளிகளைப் போலீஸ் கைது செய்ததற்குப் பழி என்பது விசாரணையில் வெளிவந்த காரணம். வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்குப் போனது. குடும்பத்துக்கு அரசு ஒரு கோடி ரூபாய் அறிவித்தது. மாநில எல்லையில், எல்லாருக்கும் தெரிந்த இடத்தில், விளக்கு வெளிச்சத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்க வேண்டிய வேலை அது. வருகிறவன் இருட்டில் இருக்கிறான், காவலர் வெளிச்சத்தில் இருக்கிறார். கக்கநல்லாவும் எல்லைச் சாவடிதான் என்பதை இங்கே சொல்லத் தேவையில்லை.

அதற்கடுத்த ஆண்டு மூன்று மரணங்கள். 2021 பிப்ரவரி தொடக்கத்தில் தூத்துக்குடி மாவட்டம் ஏரலில் எஸ்.ஐ. பாலு, குடிபோதையில் தகராறு செய்தவரைக் கண்டித்து அனுப்பினார். அந்த ஆளே சரக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, ரோந்தில் இருந்த பாலுவின் மீது மோதிக் கொன்றார். நவம்பர் 21 அதிகாலையில் திருச்சி நவல்பட்டு சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதன், ஆடு திருடிப் போனவர்கள் நிறுத்தாமல் பறந்ததால் பைக்கில் தனியாகத் துரத்தினார். புதுக்கோட்டை மாவட்ட எல்லைக்குள் போய் மடக்கியவரை வெட்டிக் கொன்றார்கள். பிடிபட்டவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். மறுநாளே, நவம்பர் 22, கரூர் வெங்கக்கல்பட்டியில் வாகனச் சோதனையில் நின்ற மோட்டார் வாகன ஆய்வாளர் கனகராஜை ஒரு வேன் இடித்துத் தள்ளிவிட்டுப் போனது. அவர் போலீஸ் இல்லை, ஆனால் நின்ற இடம் அதே இடம்.

வடக்கே போனால் மணல், கல், மாடு கடத்துகிறவர்களும் சேர்ந்துகொள்வார்கள். 2022 ஜூலை 19 அன்று ஹரியானாவின் நூஹ் மாவட்டத்தில் சட்டவிரோதச் சுரங்கத்தைத் தடுக்கப் போன டி.எஸ்.பி. சுரேந்தர் சிங், டிப்பர் லாரியை நிறுத்தச் சைகை காட்டினார். லாரி அவர் மேலேயே ஏறியது. அவரும் ஓய்வுக்கு நெருங்கியவர். அடுத்த நாள் அதிகாலை ராஞ்சியின் துபுதானாவில் எஸ்.ஐ. சந்தியா டோப்னோ வாகனச் சோதனையில் இருந்தபோது ஒரு பிக்கப் வேன் மோதி இறந்தார். பணக்கார நாட்டுக் கதையும் இதுதான். 2015 அக்டோபரில் இங்கிலாந்தின் மெர்சிசைடில், திருட்டு வண்டியின் டயரைக் கிழிக்க ஆணிப்பட்டையைச் சாலையில் விரித்த காவலர் டேவ் பிலிப்ஸ் அந்த வண்டி மோதியே இறந்தார். சாலை நடுத்திட்டில் ஒதுங்கி நின்றவரை வண்டி தேடி வந்தது. கருவி இருந்தும் அதைக் கையால் விரிக்க ஓர் ஆள் சாலைக்கு வர வேண்டியிருந்ததுதான் அங்கே சிக்கல்.

தமிழ்நாட்டில் இறந்தவர்களின் பதவியைக் கவனியுங்கள். வில்சனும் பூமிநாதனும் சிறப்பு எஸ்.ஐ.க்கள். இது தேர்வெழுதி வரும் பதவி இல்லை. இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, பல ஆண்டு பணி முடித்தவருக்குக் கொடுக்கும் உயர்வு. ஆகவே பெரும்பாலும் ஐம்பதை ஒட்டியோ தாண்டியோ இருப்பார். சர்க்கரை இருக்கும், முழங்கால் வலி இருக்கும். இவர்களைத்தான் சாவடியில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். சட்டென்று துள்ளி ஒதுங்க வேண்டிய இடத்தில் நம் படையிலேயே மெதுவாக ஒதுங்கக் கூடியவர் நிற்கிறார். பூமிநாதன் கொலைக்குப் பிறகு, இரவு ரோந்தில் துப்பாக்கி எடுத்துப் போங்கள், தற்காப்புக்குப் பயன்படுத்தத் தயங்காதீர்கள் என்று அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு சொன்னார். தவறில்லை. ஆனால் 60 கிலோமீட்டரில் வரும் வேனைத் துப்பாக்கி நிறுத்தாது. இடுப்பில் துப்பாக்கி இருந்தாலும் தனியாளாகத் துரத்துகிறவர் தனியாள்தான்.

துரத்தலின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் கட்டுரை பாதிதான். 2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடியில் ஹெல்மெட் சோதனைக்கு நிற்காமல் போன தம்பதியை ஓர் இன்ஸ்பெக்டர் துரத்திப் போய், பைக்கை எட்டி உதைத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண் விழுந்து இறந்தார். ஊர் கொதித்தது, இன்ஸ்பெக்டர் கைதானார். நிற்காமல் போனதற்குத் தண்டனை அபராதம், உயிரில்லை. துவாக்குடியிலும் நவல்பட்டிலும் சாவுக்குக் காரணம் ஒரே பழக்கம்தான்: நிற்கவில்லை என்றால் கௌரவம் போய்விட்டது, பின்னாலேயே போய்ப் பிடித்தாக வேண்டும் என்பது.

மசினகுடிக்கு இதில் ஒரு வசதி உண்டு. இங்கிருந்து வண்டி எங்கே ஓடிவிட முடியும்? மாயார் போனால் சாலை அங்கே முடியும். சிங்காரா போனாலும் அப்படியே. ஆனைகட்டி, சிறியூர் பக்கம் போனால் காடுதான் முடிவு. வெளியே போக உள்ள வழிகள் இரண்டே: கல்லட்டி ஏறி ஊட்டி, அல்லது தெப்பக்காடு. தெப்பக்காட்டிலிருந்தும் கூடலூர் அல்லது கக்கநல்லா என இரண்டே கிளைகள், எல்லாவற்றிலும் சாவடிகள். இந்த வட்டாரத்தில் ஒருவன் நிற்காமல் போனால் காவலர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒதுங்கி நின்று வண்டி எண்ணை வயர்லெஸ்ஸில் சொல்வது. அடுத்த சாவடி கட்டையைப் போட்டுக்கொண்டு காத்திருக்கும். துரத்துவதால் காட்டுக்குள் வளைவில் யானைக் கூட்டத்தின் மேல் போய் மோதுவதுதான் மிச்சம்.

யானை என்றதும் ஞாபகம் வருகிறது. இங்கே சாவடிக்குக் கூரை, விளக்கு, அடுப்பு என்று கேட்டால் ‘எதுக்கு, ராத்திரி வண்டியே இல்லையே’ என்று பதில் வரலாம். வண்டி இல்லாத நேரத்தில் வருகிறவர்கள் வேறு. அரிசியும் உப்பும் வைத்த இடத்தை யானை மோப்பம் பிடிக்கும். கூடலூர், மசினகுடி வட்டாரத்தை நடுங்க வைத்த டி23 புலியை 2021 அக்டோபர் 15-இல் பிடித்ததும் இதே மசினகுடிக் காட்டில்தான். சாவடியின் பின்புறம் மறைவுக்குப் போவதற்குக்கூட இரண்டு பேராகப் போக வேண்டிய இடம் இது. கழிப்பறை இல்லாத சாவடியில் பெண் காவலரை இரவுப் பணிக்குப் போடுகிறவர்கள் இதை யோசித்தார்களா தெரியவில்லை.

இப்போது சாவடிகளில் கூட்டமும் கூடியிருக்கிறது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்ச வரம்பும் வைத்தது. உத்தரவின் நோக்கம் நல்லது. ஆனால் ஒவ்வொரு வண்டியின் ஜன்னலருகிலும் ஓர் ஊழியர் போய்ச் செல்போன் திரையைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் வரிசையை முந்தும் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அவர் நிற்கிறார். சோதனைக்கு என்று சாலையை விட்டு ஒதுங்கிய தனித் தடம் அமைத்தால் இந்த ஆபத்து பாதி தீரும். கோடிகள் வேண்டாம், கொஞ்சம் மண் நிரவல், தார், இரண்டு விளக்குக் கம்பம். மாவட்ட நிர்வாகம் மனசு வைத்தால் அடுத்த கோடை சீசனுக்குள் முடிகிற வேலை.

வாசகர்களிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான். சாவடி வருகிறது என்று பலகை கண்டதும் வேகத்தைக் குறையுங்கள், காவலர் கை காட்டும் வரை காத்திருக்காதீர்கள். ஹெட்லைட்டைத் தாழ்த்தி, காருக்குள் விளக்கைப் போடுங்கள். உள்ளே யார் என்று தெரிந்தால் அவரும் இறுக்கம் தளர்வார். பிரேக் பிடிக்கவில்லை என்றால் ஹாரனை விடாமல் அடித்து, ஹஸார்டு விளக்கைப் போட்டுக்கொண்டு வாருங்கள். மைசூர் போகிறவர்கள் மசினகுடியை விட்டு எட்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். முடியவில்லை என்றால் ராத்தங்கிவிட்டு விடிந்ததும் போங்கள். ஆறு மணிக்குக் கட்டை தூக்கிவிடுவார்கள்.

(தொடரும்)