பெயர் எழுதப்படாத படம்

ரூ பெர்தொனே தெருவிலிருந்து தெற்கு நோக்கி அரை மணி நேரம் நடந்தால் றிபப்ளிக் சதுக்கத்தை அடையலாம். அதன் அருகே, இதே பத்தாம் வட்டாரத்தில்தான் லூயி டாகேர் தமது காட்சிக்கூடத்தை நடத்தி வந்தார். அவர் உருவாக்கிய ஒளிப்பட முறை 1839 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19 இல் பரிஸ் நகரில் உலகுக்கு விளக்கப்பட்டது. அதன்பின் நாற்பது ஆண்டுகள் நிறையுமுன் இலங்கையின் களுத்துறையில் எடுக்கப்பட்ட ஓர் உருவப்படத்தைப் பற்றியே இங்கு கூற விழைகின்றோம்.

அதனை எடுத்தவர் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார். 1815 இல் கல்கத்தாவிற் பிறந்த இவர், 1863 இல், தமது 48 ஆவது வயதில், மகள் பரிசளித்த கருவியைக் கொண்டே இக்கலையைத் தொடங்கினார். கணவருக்கு இலங்கையிற் கோப்பித் தோட்டங்கள் இருந்தமையால் 1875 இல் இருவரும் அங்கு குடியேறினர்.

அக்காலத்திற் படமெடுப்பது எளிய காரியமன்று. கண்ணாடித் தகட்டிற் கொலோடியன் என்னும் குழம்பைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம்பிடித்துக் கழுவி முடித்தல் வேண்டும். எதிரே இருப்பவரும் நெடுநேரம் அசையாதிருத்தல் வேண்டும்.

1878 இல் அவ்வாறு அசையாதிருந்தோர் மூவர்: ஒரு சிறுமியும் இரு ஆடவரும். களுத்துறைக் குடியானவர்கள் என்றும், சிறுமிக்கு வயது 12 என்றும், முதியவர் தம்மை அவளின் தந்தை என்றும் தமக்கு வயது நூறு என்றும் கூறுகின்றார் என்றும் படத்துக்குக் குறிப்பு எழுதப்பட்டது. வயது உண்டு, உறவு உண்டு, ஊர் உண்டு. பெயர் மட்டும் இல்லை. பத்து ஆண்டுகளுக்கு முன், 1868 இல், இதே அம்மையார் எடுத்த சார்லஸ் டார்வினின் படமோ இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகின்றது.

அம்மையார் 1879 இல் மலைநாட்டிற் காலமானார். அவரது கல்லறை பொகவந்தலாவையில், தேவாலய வளவில் உள்ளது. அம்மலைநாட்டிலேதான் தமிழகத்திலிருந்து வந்த நம்மவர்கள் காடு வெட்டிக் கோப்பி நட்டனர். அவர்களுட் பெரும்பாலோரின் முகமும் பெயரும் நமக்கு எஞ்சவில்லை.

நம் இல்லங்களிலும் இத்தகைய படங்கள் உண்டு. வீட்டையும் வளவையும் விட்டு வந்தபோதும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த படங்கள் அவை. அவற்றில் இருப்போர் யாவர் என்பதைப் பெற்றோராகிய நாம் அறிவோம். பிள்ளைகள் அறிவார்களா? நாம் சொல்லாது விட்டால், களுத்துறைச் சிறுமியைப் போல நம் பாட்டிமாரும் பெயரற்றவராவர்.

மாணவச் செல்வங்களே! இவ்வார இறுதியில் பழைய படங்களை எடுத்துக்கொண்டு அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ அமருங்கள். அவர்கள் தொலைவில் இருப்பின் தொலைபேசியிற் கேளுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். மை ஊறிப் படத்தைக் கெடுத்துவிடும். நீங்கள் இங்கு கற்ற தமிழிலேயே அதை எழுதுங்கள்.