அரசுப் பொருளும் வான்வழி வாணிபமும்

1947ஆம் ஆண்டு திசம்பர் 10ஆம் நாள், இரத்மலானையிலிருந்து எழுந்த டக்கோட்டா விமானமொன்று, காங்கேசன்துறை என அந்நாளில் வழங்கிய பலாலித் தளத்தில் இறங்கிச் சென்னை சென்றடைந்தது. எயர் சிலோன் என்னும் இலங்கையின் முதலாவது தேசிய விமான சேவையின் முதற் பயணம் அதுவே.

புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் விமான சேவை நடத்த விரும்பியமைக்குத் தேசியப் பெருமிதம் மட்டுமே காரணமன்று. உல்லாசப் பயணிகளாற் கிடைக்கும் அந்நியச் செலாவணியும், பிறர் கப்பலையும் விமானத்தையுமே நம்பியிராத நிலையும் தீவொன்றுக்கு வேண்டற்பாலனவே. ஆயின் இத்தொழிலிற் செலவு வேறு, வரவு வேறு. விமான வாடகையும் எரிபொருளும் பெரும்பாலும் டொலரிற் செலுத்தப்படுவன. வரவிலோ ஒரு பகுதி ரூபாவில் வருவது. 2022இல் நிகழ்ந்தது போல ரூபா வீழும்போது, திறமையான முகாமையும் தடுமாறும்.

எயர் சிலோன் அவுஸ்திரேலிய, ஒல்லாந்த, பிரித்தானிய, பிரெஞ்சுக் கம்பனிகளுடன் அடுத்தடுத்துக் கூட்டுச் சேர்ந்தும் நிலைபெறவில்லை. அது 1978இல் ஓய, மறு ஆண்டு எயர் லங்கா தோன்றியது. 1998இல் துபாயின் எமிரேற்ஸ் கம்பனி பங்கு வாங்கி, 10 ஆண்டுக்கு முகாமைப் பொறுப்பையும் ஏற்றது. சிறீலங்கன் எயர்லைன்ஸ் எனப் பெயர் மாறிய அச்சேவை, 2001இல் கட்டுநாயக்காவில் விமானங்கள் அழிந்த பேரிழப்பிலிருந்தும் மீண்டது.

2007 இறுதியில் இலண்டனிலிருந்து திரும்பவிருந்த சனாதிபதி குழுவினருக்காக, பணங்கொடுத்த பயணிகளை இறக்க நிருவாகம் மறுத்தது. அதனையடுத்து முதன்மை நிருவாகியின் தொழில் அனுமதி நீக்கப்பட்டது. 2008இல் எமிரேற்ஸ் முகாமையைக் கைவிட்டது. அதன் பங்குகளை 2010இல் அரசாங்கம் ஏறத்தாழ 5.3 கோடி டொலருக்கு மீட்டது. பின்னர், 2013இல் திறந்த மத்தளை விமான நிலையத்துக்கும் அச்சேவை பறக்க நேர்ந்தது. பயணிகள் மிகக் குறைவாயிருந்த அவ்வழி 2015 சனவரியில் நிறுத்தப்பட்டது. வாணிபக் கணக்கு இத்தகைய முடிவை முதலிலேயே தடுத்திருக்கும். அரசியற் கணக்கு தடுக்கவில்லை.

நட்டத்தைச் சுமப்பவர் யார்? 2019இல் அக்கம்பனி 17.5 கோடி டொலர் கடன்பத்திரம் வெளியிட்டபோது அதற்குப் பிணை நின்றது திறைசேரி. திறைசேரியின் பணமோ சீனியிலும் மண்ணெண்ணெயிலும் விதிக்கும் வரியாலும் வருவது. விமானத்தில் ஒருநாளும் ஏறாத ஜெயபுரத்து உழவனும் அதிற் பங்கு செலுத்துகிறான்.

இதனால் அரசுடைமையே குற்றம் எனத் துணிவது பிழையாகும். 1945இல் தொடங்கிய எதியோப்பிய விமான சேவை முழுதும் அரசுடைமை. ஆயினும் ஆபிரிக்காவில் முன்னணியில் நிற்கிறது. சிங்கப்பூர் சேவையிலும் அரசு முதலீட்டு நிறுவனமே பெரும் பங்காளி. அங்கெல்லாம் உரிமை அரசினிடம் இருப்பினும், வழித்தடத் தெரிவும் நியமனமும் பெரிதும் தொழில் வல்லார் கையில் விடப்பட்டன. இந்தியா, 1953இல் தேசியமயமாக்கிய எயர் இந்தியாவை நெடுங்காலம் பொதுப்பணத்தால் தாங்கி, ஈற்றில் 2022 சனவரியில் டாட்டா குழுமத்திடமே திருப்பிக் கொடுத்தது.

மக்கள் நலனுக்காக இலாபமில்லா வழியொன்று வேண்டப்படின், அதற்கான தொகையை வரவுசெலவுத் திட்டத்தில் வெளிப்படையாக ஒதுக்கலாம். பாராளுமன்றமும் அதனை ஆராயலாம். கம்பனியின் பொது நட்டத்துள் மறைந்த மானியத்தை எவரும் அளக்கவியலாது. பலாலி நிலையம் 2019 ஒற்றோபரில் மீளத் திறக்கப்பட்டபின், சென்னைக்கான சேவையைத் தொடங்கியது அந்நாளில் இந்திய அரசுடைமையாயிருந்த அலையன்ஸ் எயர். 2024இல் வந்து சேர்ந்தது தனியார் கம்பனியான இன்டிகோ. 1947இன் அவ்வழியை மீட்டவை அயல்நாட்டு விமானங்களே.