நடுக்கோட்டைக் கடக்கும் நரம்பிழைகள்

கருவின் தண்டுவடத்தில் பிறக்கும் நரம்பணுக்களில் ஒரு வகை, தன் ஆக்சான் என்னும் நீண்ட இழையைக் கீழ்நோக்கி வளரவிட்டு, உடலின் நடுக்கோட்டை ஒரே முறை கடக்கச் செய்து, மறுபக்கம் சேர்ந்தபின் திரும்பிவராதபடி மூளையை நோக்கிச் செலுத்துகிறது. வரைபடமோ கண்ணோ இல்லாத அவ்விழை இத்தனை நியமத்தோடு பிரயாணம் செய்வது சிருஷ்டியின் சூட்சுமங்களுள் தலையாயது என்பது என் அபிப்பிராயம்.

1890-இல் ஸ்பெயின் தேசத்து விஞ்ஞானி சாந்தியாகோ ரமோன் இ காஹால், கோழிக் கருவின் தண்டுவடத்தை வெள்ளி உப்பினால் நிறமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, இழையின் நுனியில் கூம்பு வடிவான சிறு வீக்கம் ஒன்றைக் கண்டார். உயிர் நீங்கிய திசுவை மட்டுமே பார்த்த அவர், அக்கூம்பு உயிருள்ள கருவில் அசைந்து முன்னேறுவது என்றும், இரசாயனப் பொருள்களே அதனை ஆகர்ஷிக்கின்றன என்றும் அனுமானித்தார். அமெரிக்கரான ராஸ் ஹாரிசன், 1907-இல் தவளைக் கருவின் திசுவை நிணநீரில் வளர்த்து, இழை நீள்வதைப் பிரத்யட்சமாகவே கண்டார். கூம்பிலிருந்து விரல்களைப் போல நுண்கிளைகள் நீண்டு சுற்றுப்புறத்தைத் துழாவுகின்றன. இணக்கமான பொருள் பட்ட பக்கத்தில் ஆக்டின் என்ற புரதம் கோர்வையாகச் சேர்ந்து அங்கே கூம்பு முன்னேற, விரோதமான பொருள் பட்ட பக்கம் சுருங்கிவிடுகிறது.

ஆகர்ஷிக்கும் அப்பொருள் எது? மார்க் டெசியே-லவீனும் அவருடைய சகாக்களும் ஏறத்தாழ 25,000 கோழிக் கருக்களின் மூளைகளிலிருந்து பிரித்தெடுத்து, 1994-இல் உலகிற்கு அறிவித்த நெட்ரின் என்னும் புரதமே அது. இதற்கு இனமான புரதம் நுண்ணிய உருளைப்புழுவிலும் இருக்கிறது.

ஆயினும் நடுக்கோட்டில் ஆகர்ஷணம் மாத்திரமே இருந்திருந்தால், இழை அங்கேயே தங்கிவிடாதோ? விஷயத்தின் ரசம் இங்கேதான் இருக்கிறது. அதே நடுக்கோடு ஸ்லிட் என்னும் விலக்கும் புரதத்தையும் சுரக்கிறது. அதனை உணரும் ரோபோ என்ற ஏற்பியை, பழ ஈயின் நரம்பணு, கடக்கும்வரையில் இழையின் மேற்பரப்புக்கு வரவொட்டாமல் உள்ளேயே அழித்துவிடுகிறது. கடந்த பிறகு ரோபோ வெளிப்படவே, சற்றுமுன் அண்டிவந்த இடமே இழைக்கு அணுகவொண்ணாததாகிறது. மாறியது இடமன்று, இழையின் கிரகிக்கும் சக்தியே.

நெட்ரின் நடுக்கோட்டின் அடித்தட்டிலிருந்தே தொலைவுக்குப் பரவி இழைகளை அழைக்கிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2017-இல் சுண்டெலிக் கருவில் நடந்த ஆராய்ச்சிகளோ, இழைகளின் வழிநெடுகிலும் உள்ள முன்னோடி அணுக்கள் தரும் நெட்ரினே பல இடங்களில் பிரதானமானது என்று காட்டின.

இவ்வமைப்பில் பிழை நேர்ந்த மனிதரும் உளர். ரோபோ-3 மரபணு பழுதானவர்களுக்குக் கண்கள் பக்கவாட்டில் திரும்புவதில்லை. முதுகெலும்பும் நாளடைவில் வளைந்துவிடுகிறது. நெட்ரினை ஏற்கும் டிசிசி புரதத்தின் மரபணு பழுதாவதையோ, கனடாவிலும் ஈரானிலும் வாழ்ந்த இரு குடும்பங்களில் 2010-இல் கண்டறிந்தார்கள்; அக்குடும்பத்தாரில் இக்குறை உடையவர்கள் ஒரு கையால் எழுத முயன்றால், மற்றக் கையும் அவர்களது சித்தத்தை மீறி அதே அசைவைச் செய்கிறது.