கூட்டொலி தரும் மிதிபெட்டி

முத்தமிழுள் ஒன்று இசை. ஆதலின், மின்கிட்டாரின் காலடியில் கிடக்கும் சிறு பெட்டியொன்றைப் பற்றித் தமிழாசிரியன் எழுதுவதை மூத்தோர் பொறுத்தருள்வார்கள் என நம்புகிறேன். பீங்கான் தொழிற்கூடத்தில் விடுமுறை நாள்களில் உழைத்துச் சேர்த்த பணத்துடன் வந்த மாணவர் ஒருவர், "கோரஸ் பெடல் வாங்கலாமா, ஐயா?" என வினவினார். அவருக்குக் கூறிய விடையே இக்கட்டுரை.

கோரஸ் என்பது பலர் கூடிப் பாடுதல். பத்துப் பேர் ஒரே சுரத்தைப் பாடினும் ஒருவர் இம்மியளவு முந்துவார், மற்றொருவர் பிந்துவார், சுருதியும் மயிரிழை விலகும். அவ்விலகலே கூட்டொலிக்கு அகலம் தருகிறது. நம் விருத்தாசலத்தார் இதனை எளிதில் உணரலாம். ஒரே அச்சில் வார்த்த இரு பீங்கான் கோப்பைகளை ஒருசேரத் தட்டுங்கள். சூளையில் அவை சுருங்கிய அளவு சற்றே வேறுபட்டிருப்பின், இரண்டொலியும் கலந்து அலையலையாய் ஏறி இறங்கும். தம்புராவின் நடுத்தந்திகள் இரண்டும் ஒரே சட்சத்தில் கூட்டப்படுவதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

மிதிபெட்டி இதனையே மின்சாரத்தால் செய்கிறது. கிட்டாரிலிருந்து வரும் ஒலியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நேரே விடுகிறது. மற்றொன்றை ஒரு நொடியின் ஆயிரத்தில் ஏறத்தாழ 20 முதல் 30 பங்கு வரை தாமதிக்கிறது. அத்தாமதம் ஓரளவில் நில்லாது கூடிக் குறைவதால் சுருதியும் மெல்ல அசைகிறது. தாமதம் மிக நீண்டால் காது அதனை எதிரொலியாகப் பிரித்துக் கேட்டுவிடும். தீயணைப்போர் வரிசையாய் நின்று வாளியைக் கைமாற்றுவதுபோல் ஒலியை நகர்த்தும் மின்சுற்றை, 1969இல் பிலிப்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் கண்டனர். 1975இல் ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் ஜாஸ் கோரஸ் என்னும் ஒலிபெருக்கியில் இவ்விளைவை அமைத்தது. மறுஆண்டே பாஸ் என்னும் பெயரில் அது தனிப்பெட்டியாயிற்று.

வாங்குவோர் குமிழ்களின் எண்ணிக்கையில் மயங்க வேண்டா. வேகம், ஆழம் என்னும் இரண்டே பெரும்பாலும் போதும். வாளிச்சுற்று கொண்டவை சற்று மங்கிய, இதமான ஒலி தரும்; எண்முறைப் பெட்டிகள் தெளிவானவை. இரட்டை வெளிவாய் இருப்பினும் ஒலிபெருக்கி ஒன்றே உள்ளவர்க்கு அதனால் பெரும்பயன் இல்லை. 9 வோல்ட் மின்வழங்கியின் நேர், எதிர் முனைகள் பெட்டியில் குறித்தபடி பொருந்துகின்றனவா என்று பார்த்தபின்னரே இணைக்க வேண்டும். மாறினால் பெட்டி பழுதாகலாம்.

ஒலியைக் கரகரப்பாக்கும் பெட்டி இருப்பின் கோரஸை அதற்குப் பின்னும், எதிரொலிப் பெட்டிக்கு முன்னும் வைப்பதே பொதுவழக்கு. தந்திகளை ஒவ்வொன்றாய் மீட்டும் மெல்லிசைப் பாடலுக்கு மெதுவான வேகமும் மிதமான ஆழமும் அழகு. கமகம் வேண்டும் இடத்தில் அணைத்துவிடுதலே என் கருத்து. விரல் அசைக்க வேண்டிய சுரத்தைப் பெட்டி தன்போக்கில் அசைத்தால் இராகம் எங்ஙனம் நிற்கும்? சுருதி சேராத கிட்டாரின் குறையையும் இப்பெட்டி மறைக்காது, குழப்பத்தையே மிகுவிக்கும்.

அம்மாணவரின் கிட்டாரை வாங்கிப் பார்த்தேன், தந்திகள் துருவேறியிருந்தன. அவர் முதலில் புதிய தந்திகளை வாங்கினார். பெடலுக்கு இன்னும் பணம் சேர்த்து வருகிறார்.