ஷெல் நிரல் மூலம் கோப்புகளுக்கு மொத்தமாகப் பெயர் மாற்றுதல்

ஷெல் நிரல் மூலம் கோப்புகளுக்கு மொத்தமாகப் பெயர் மாற்றுதல் என்பது, ஒரு கோப்புறையிலுள்ள பல கோப்புகளின் பெயர்களை ஒரே விதிப்படி ஒரே முறையில் மாற்றுவதாகும். யூனிக்ஸ், லினக்ஸ் இயங்குதளங்களில் இதற்கு அடிப்படையாக இருப்பது 'எம்வி' கட்டளை. கோப்பை இடம் மாற்றுவதும் பெயர் மாற்றுவதும் இக்கட்டளைக்கு ஒரே வேலைதான்.

டாஸ் இயங்குதளத்தின் 'ரென்' கட்டளையில் பழகியவர்கள், 'ஜேபிஇஜி' என முடியும் படங்களை 'ஜேபிஜி' என மாற்ற, இரு நீட்டிப்புகளுக்கும் முன் நட்சத்திரக் குறி இட்டு எம்வி கட்டளையை எழுதிப் பார்ப்பதுண்டு. டாஸில் நட்சத்திரக் குறிக்குப் பொருள் காண்பது ரென் கட்டளையே. யூனிக்ஸில் அதை ஷெல் முன்னதாகவே கோப்புப் பெயர்களாக விரித்துவிடுகிறது. எம்வி அக்குறியைக் காண்பதே இல்லை. பல படங்கள் இருந்தால் பெரும்பாலும் பிழைச் செய்தி வரும். அது நல்லதே. கோப்புறையில் ஒரு ஜேபிஇஜி படமும் வேறொரு ஜேபிஜி படமும் மட்டும் இருந்தால், முதல் படம் இரண்டாவதன் பெயரைப் பெற்றுவிடும். இரண்டாவது படம் அழிந்துவிடும். வழக்கமான அமைப்பில் எந்த எச்சரிக்கையும் வராது. குப்பைத்தொட்டியிலும் அது இருக்காது.

ஆகவே 'ஃபார்' மடக்கு பயன்படுத்தப்படுகிறது. மடக்கு ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே எடுத்து, மாறியிலுள்ள பெயரின் இறுதிப் பகுதியை விழுக்காட்டுக் குறியால் நீக்கி, புதிய நீட்டிப்பைச் சேர்த்து எம்வியிடம் தருகிறது. மாறியை இரட்டை மேற்கோளுக்குள் எழுத வேண்டும். இல்லாவிட்டால் 'கோடை விடுமுறை' என்ற ஒரே பெயரை பேஷ் போன்ற ஷெல்கள் இடைவெளியில் வெட்டி இரண்டாக்கிவிடும். 'என்' விருப்பத்தேர்வைச் சேர்த்தால் ஏற்கெனவே உள்ள கோப்பின்மீது எழுதப்படாது. முதலில் எம்விக்கு முன் 'எக்கோ' இட்டு ஓட்டினால் எதுவும் மாறாமல், நடக்கவிருப்பவை மட்டும் திரையில் தெரியும். பெயர்களைக் கண்ணால் பார்த்த பின் எக்கோவை நீக்கலாம்.

வரிசை எண் இடுவதில் சிக்கல் கூடுதல். ஷெல் பெயர்களை எழுத்து வரிசையில் அடுக்குவதால் 1-க்கு அடுத்து 10 வரும், பிறகுதான் 2. 'பிரிண்ட்எஃப்' கொண்டு 001, 002 என மூன்று இலக்கமாக எழுதுவது இதைத் தீர்க்கும். எண்களை ஒவ்வொன்று கூட்டும்போது 1-ஐ 2 ஆக்கும் முதல் படியே பழைய 2-ஐ அழிக்கக்கூடும். கடைசி எண்ணிலிருந்து தொடங்கலாம். புதிய கோப்புறைக்கு மாற்றுவது இன்னும் எளிது.

தமிழ்ப் பெயர்களில் வேறொரு நுட்பம் உண்டு. யூனிகோடில் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் பதியலாம். திரையில் வேறுபாடு தெரியாது. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகளோ பைட்டுகளையே ஒப்பிடுவதால், அவற்றை இரு வேறு பெயர்களாகக் கொள்ளும். நிரலில் எழுதிய பெயர் கோப்புடன் பொருந்தாமற்போக இதுவும் ஒரு காரணம்.

இவ்வேலைக்கென்றே 'ரிநேம்' என்ற கட்டளையும் உண்டு. ஆனால் அப்பெயரில் இரு வேறு நிரல்கள் உள்ளன. டெபியன், உபுண்டு பயன்படுத்துவது பெர்ல் மொழியில் எழுதப்பட்டது, சுருங்குறித்தொடர்களை ஏற்கும். ஃபெடோராவில் இருப்பது பழைய சொல்லையும் புதிய சொல்லையும் மட்டும் கேட்கும் எளிய நிரல். ஒன்றுக்கு எழுதிய கட்டளை மற்றொன்றில் எதிர்பார்த்தபடி இயங்காது.