இரண்டு தெனாரியத்துக்கு மேல்...



நல்ல சமாரியர் உவமையைக் (லூக் 10:30-37) கேட்கும்போதெல்லாம் எண்ணெயும் திராட்சை மதுவும் நம் நினைவில் நிற்கின்றன. மறுநாள் அவர் சாவடிப் பொறுப்பாளரிடம் கொடுத்த இரண்டு தெனாரியத்தை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு தெனாரியம் என்பது அக்காலத்தில் ஒரு நாள் கூலி. அடிபட்டவர் எழுந்து நடமாட முடியாத நாட்களையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். அது போதாவிட்டால், திரும்பி வரும்போது மேற்கொண்டு தருவதாகவும் வாக்களித்தார்.

கிளியூரிலும் சேர்வராயன் மலையின் மற்ற ஊர்களிலும் காப்பித் தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு, போகாத நாளுக்குக் கூலி இல்லை. காய்ச்சல் என்றால் இரண்டு நாள் சமாளிக்கலாம். காசநோய் என்றால்? மருந்து இலவசம்தான். ஆனால் வழக்கமாக 6 மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். இருமல் குறைந்ததும் வீட்டுப் பசி வேலைக்குத் துரத்துகிறது; மாத்திரையும் நின்றுபோகிறது. இப்படிப் பாதியில் விட்ட நோய், மருந்துக்கு அடங்காததாகத் திரும்பி வரக்கூடும்.

அதே வீட்டுப் பிள்ளை சேலத்திலோ திருப்பூரிலோ ஆலையில் வேலை செய்து, ஈ.எஸ்.ஐ. அட்டை வைத்திருந்தால் நிலைமை வேறு. உரிய சந்தா செலுத்தியவருக்கு ஆண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். காசநோய், புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு 80 விழுக்காடு. அதிகபட்சம் 2 ஆண்டு வரை. இந்தக் கூடுதல் உதவியைப் பெற 2 ஆண்டுகளாவது பணியில் இருந்திருக்க வேண்டும். பலர் இதை அறியாமல் 91 நாளோடு நிறுத்திவிடுகிறார்கள்.

மலையில் இருப்பவருக்கு? சிகிச்சை பெறும் காசநோயாளிக்கு மத்திய அரசு 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாயை ஊட்டச்சத்துக்காக வங்கிக் கணக்கில் செலுத்தியது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். தமிழக அரசின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினராக உள்ள சிறு விவசாயிக்கும் விவசாயக் கூலிக்கும், இத்தகைய நோயால் வேலைக்குப் போகமுடியாத சிகிச்சைக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். ஒரு வாரக் கூலிகூட ஆகாத தொகைதான். ஒரே நோய்க்கு மலையடிவாரத்தில் ஒரு நியாயம், மலைமேல் ஒரு நியாயம் என்பது நெருடத்தான் செய்கிறது.

"அரசாங்கத்திடம் கை ஏந்துவதா?" என்று சிலர் தயங்குகிறார்கள். திருத்தந்தை 23ஆம் யோவான் 1963இல் வெளியிட்ட 'அவனியில் அமைதி' மடலில், நோயிலும் உடல் இயலாமையிலும் பாதுகாப்புப் பெறுவதை மனித உரிமைகளின் வரிசையிலேயே வைத்தார். உணவும் உடையும் உறைவிடமும் அதே வரிசையில்தான் இருக்கின்றன.

அன்பியப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். காசநோய் என்றால் வெளியே சொல்லக் கூசுகிறார்கள். ஆகவே கூட்டத்தில் பெயர் சொல்லி விசாரிக்காதீர்கள். ஒருவர் மட்டும் வீட்டுக்குப் போய், வங்கிப் புத்தகம், ஆதார் இரண்டும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். தனியார் மருத்துவரிடம் பார்ப்பவராக இருந்தால், அவர் பெயரை மருத்துவர் அரசின் காசநோய்ப் பதிவில் சேர்த்தாரா என்று கேட்கச் சொல்லுங்கள். பதிவு இல்லாவிட்டால் அந்த 1,000 ரூபாய் வராது.