முதல் வில்

ஜனக மஹாராஜாவின் சபைக்குச் சிவதனுசு வந்த கதையைக் கேளாத குழந்தை நம் வீடுகளில் இல்லை. எத்தனையோ ஆட்கள் சேர்ந்து இழுத்து வந்த வில். அதை அசைக்க முடியாமல் தலை குனிந்து போன ராஜகுமாரர்கள். கடைசியில் ஸ்ரீராமன் நாணேற்றியபோது அது முறிந்த பேரோசை! கொல்லி மலையை ஆண்ட வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஊடுருவிச் சென்றதாகப் புறநானூறு கூறுகிறது. இவற்றைக் கேட்டு வளர்ந்த நமக்கு, வில்லின் பெருமையெல்லாம் அதை வளைக்கும் பலத்தில்தான் இருக்கிறது என்று தோன்றுவதில் வியப்பொன்றும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இராமாயணத்தை ஒரு நாளும் கேட்டிராத அமெரிக்க வாலிபர்களுக்கும் இதே மயக்கம் உண்டு. அந்தத் தேசத்தில் வில்லேந்தி மான் வேட்டைக்குப் போவது சட்டம் அனுமதித்த வழக்கம். இலையுதிர் காலம் வந்துவிட்டால் லட்சக்கணக்கான பேர் அதற்கென்றே காட்டுக்குப் போகிறார்கள். புதிதாக வில் வாங்க வருகிறவன் கடையில் முதலில் கேட்பது, "உங்களிடம் உள்ளவற்றில் அதிகப் பலமான வில் எது?" என்பதே. கடைக்காரர் நல்லவராக இருந்தால் சிரித்துக்கொண்டே அந்த வில்லை உள்ளே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக் கொடுப்பார். அது ஏன் என்பதைச் சற்று விசாரிப்போம்.

முன்கூட்டியே ஒரு வார்த்தை. நம் தேசத்தில் வேட்டை விளையாட்டுக்கு இடமில்லை. 1972-இல் இயற்றப்பெற்று, 1991-இல் மேலும் கடுமையாக்கப்பட்ட வன விலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. இங்கிலாந்திலும் வில்லால் காட்டு மிருகங்களைக் கொல்வது சட்ட விரோதம். ஆகையால் இதைப் படித்துவிட்டு யாரும் முதுமலைக்குப் புறப்பட வேண்டாம்! ஆயினும் இலக்குப் பலகையை நோக்கி எய்யப் பழகும் நம் பிள்ளைகளுக்கு இங்கே சொல்லும் விஷயங்களில் பாதி பயன்படும். மற்றப் பாதி, ஓர் உயிரை எடுக்கக்கூடிய ஆயுதத்தைக் கையில் ஏந்துகிறவனுடைய கடமையைப் பற்றியது. அது எல்லோருக்கும் பொது.

இஷி சொல்லிக் கொடுத்த பாடம்

1911-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ஆம் தேதி, கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊருக்கு அருகே, ஒரு கசாப்புக் கொட்டடியின் வேலியோரத்தில் ஒரு மனிதர் பசியால் மெலிந்து ஒடுங்கிக் கிடந்தார். அவர் பேசிய பாஷை அங்கே ஒருவருக்கும் புரியவில்லை. அவர் யாஹி என்ற ஆதிக்குடியைச் சேர்ந்தவர். 1849 முதல் பொன்னாசை பிடித்து வந்து குவிந்த குடியேறிகளின் துப்பாக்கிக்கு அந்தக் குடி இரையாகிவிட்டது. தப்பிய சிலர் லாஸன் மலையடிவாரத்துப் பள்ளத்தாக்குகளில், காலடி தெரியாமல் நடந்து, பல வருஷ காலம் மறைந்து வாழ்ந்தார்கள். கடைசியில் அவர் ஒருவரே மிஞ்சினார். தம் பெயரை அயலாரிடம் சொல்வது அவர்கள் வழக்கம் அல்ல. ஆகவே குரோபர் என்ற பண்டிதர் அவரை 'இஷி' என்று அழைத்தார். அவருடைய பாஷையில் அதற்கு 'மனிதன்' என்றே பொருள்.

இஷி ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்து மியூஸியத்தில் தங்கியிருந்தபோது, பக்கத்து வைத்தியக் கல்லூரியில் இருந்த டாக்டர் ஸாக்ஸ்டன் போப் அவருக்கு வைத்தியம் பார்த்தார். வைத்தியரே சிஷ்யராகி, நோயாளியிடம் வில்வித்தை கற்றுக்கொண்டார். 1916-இல் இஷி க்ஷய ரோகத்தால் காலமானார். தாம் கற்றதையும், ஆர்தர் யங் என்ற நண்பரோடு வேட்டையாடிய அனுபவத்தையும் போப் 1923-இல் புத்தகமாக வெளியிட்டார். அதைப் படித்த ஒரு தலைமுறையே வில்லைக் கையில் எடுத்தது. 1934-இல் விஸ்கான்ஸின் மாகாணம் வில் வேட்டைக்கென்று தனியாக ஒரு பருவம் ஒதுக்கியது. மற்ற மாகாணங்களும் பின்தொடர்ந்தன. துப்பாக்கியால் அழிந்துபோன ஒரு குலத்தின் வித்தை, துப்பாக்கி ஏந்திய ஜாதியின் கைக்கு இப்படிப் போய்ச் சேர்ந்தது!

இஷியின் வில் எத்தகையது? காட்டு மரத்தில் செதுக்கி, முதுகில் மிருக நரம்பு ஒட்டிய சிறிய வில். அதை முழுதும் இழுக்க வேண்டிய பலம் 50 ராத்தலுக்கு உட்பட்டதே. இலக்குப் பலகையில் எய்யும் பந்தயத்திலும் அவர் பெரிய சூரர் அல்ல. வெள்ளைக்கார நண்பர்கள் அவரைச் சுலபமாக வென்றுவிடுவார்கள். காட்டுக்குள் சென்றாலோ கதை வேறு. மான் வேட்டைக்கு முன்பு மீன் உண்ணாமல், புகை பிடிக்காமல் இருந்து, விடியலில் ஓடையில் நீராடி, உடம்பின் வாடையை ஒழித்துக்கொள்வார். விரல்களில் வாய் வைத்து உறிஞ்சி, அடிபட்ட முயல் கத்துவது போல ஒலி எழுப்பி மிருகங்களை அருகே வரவழைப்பார். பக்கத்தில் வரும்வரையில் பொறுத்திருக்கத் தெரிந்தவனுக்குப் பெரிய வில் தேவையில்லை. இதுவே இஷியின் பாடம்.

மூன்று வகை வில்

இன்று கடையில் மூன்று வகை வில் உண்டு. ஒன்று, ஒரே வளைவாக நீண்டிருக்கும் நெடுவில். இரண்டாவது, முனைகள் எதிர்ப்புறமாக வளைந்திருக்கும் ரிகர்வ் வில். ஒலிம்பிக் பந்தயங்களில் நம் வீரர்கள் ஏந்துவது இந்த வகைதான். மூன்றாவது காம்பவுண்டு வில். இது ஹாலிஸ் வில்பர் ஆலன் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்து, 1969-இல் காப்புரிமை பெற்றது. அதன் இரு முனைகளிலும் நம் கிணற்று ராட்டினம் போலச் சிறு சக்கரங்கள் உண்டு. சாதாரண வில்லில் நாணை இழுக்க இழுக்கக் கனம் ஏறிக்கொண்டே போகும். காம்பவுண்டிலோ பாதி தூரம் கனமாக இருந்து, பின் சக்கரம் புரண்டதும் பாரம் சட்டென்று குறைந்துவிடும். 60 ராத்தல் வில்லில் நூற்றுக்கு 80 பங்கு குறைந்தால், கை தாங்க வேண்டியது 12 ராத்தலே. குறி பார்த்து நிதானமாக நிற்கலாம்.

ஆகையால் ஆரம்பக்காரனுக்குக் காம்பவுண்டு சுலபம். சில மாதங்களில் ஓரளவு கை படியும். நெடுவில்லும் ரிகர்வும் வருஷக் கணக்கான சாதகத்தைக் கேட்பவை. ஆனால் அவற்றில் பழுதாகும் உறுப்புகள் குறைவு. கற்றபின் கிடைக்கும் ஆனந்தம் அதிகம் என்று பழகியவர்கள் சொல்கிறார்கள்.

உடம்புக்கு ஏற்ற வில்

சட்டை தைக்க அளவு எடுப்பதுபோல வில்லுக்கும் அளவு உண்டு. இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மற்றொன்று வரையில் அளந்து, அதை இரண்டரையால் வகுக்க வேண்டும். 70 அங்குலம் என்றால் 28 அங்குலம் நாணை இழுக்கும் தூரம். அடுத்தபடி, எந்தக் கண் முதன்மையானது என்று பார்க்க வேண்டும். இரு கண்களையும் திறந்து தூரத்திலுள்ள ஒரு பொருளை விரலால் சுட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணால் மட்டும் பார்க்கும்போது விரல் விலகாமல் நிற்கிறதோ, அதுவே முதன்மைக் கண். வலக்கண்ணானால் வலக்கையால் நாணை இழுக்கும் வில்லே பொதுவாகப் பொருந்தும்.

கனத்துக்குச் சோதனை மிகவும் எளிது. வில்லை இலக்குக்கு நேராகப் பிடித்தபடியே, வானத்தை நோக்கித் தூக்காமல், உடம்பை முறுக்காமல், மெதுவாக இழுக்க வேண்டும். இழுத்து அரை நிமிஷம் நின்று, அப்படியே மெதுவாகத் திருப்பிவிடவும் முடிய வேண்டும். முடியவில்லையானால் அந்த வில் உங்களுடையது அல்ல. குளிரில் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்தவன் மான் வந்த சமயத்தில் வில்லோடு மல்யுத்தம் செய்தால், மான் நின்று வேடிக்கை பார்க்காது. பல மாகாணங்களில் மான் வேட்டைக்கு 30 முதல் 40 ராத்தல் வரை ஒரு குறைந்த அளவைச் சட்டமே விதித்திருக்கிறது. அந்த அளவுக்குப் படிப்படியாக ஏறலாம். காம்பவுண்டில் திருகாணியைத் திருப்பிக் கனத்தைக் கூட்டலாம். கழற்றிப் பூட்டும் ரிகர்வில் தண்டுகளை மாற்றிக்கொள்ளலாம்.

அம்பும் வில்லுக்கு இசைந்த விறைப்புடையதாக இருக்க வேண்டும். இன்னும் ஒன்று: அம்பு தொடுக்காமல் நாணை வெறுமனே இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய வேகமெல்லாம் வில்லுக்குள்ளேயே பாய்ந்து, அதை நொறுக்கிவிடக்கூடும்.

அம்பு கையை விட்ட பிறகு

துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியால் கொல்லுகிறது. அம்பு ரத்தக் குழாய்களை அறுத்துக் கொல்லுகிறது. ஆகவே அம்பு முனை க்ஷவரக் கத்தி போலக் கூர்மையாக இருப்பதும், அது நுரையீரலையோ இருதயத்தையோ துளைப்பதும் அவசியம். அப்படிப் பட்டால் மான் சில விநாடிகளில் விழுந்துவிடும். வயிற்றில் பட்டாலோ மணிக்கணக்காக வேதனைப்பட்டுச் சாகும். தேடினாலும் கிடைக்காமல் போகலாம்.

விநாடிக்கு 250 அடி செல்லும் அம்பு 20 கஜ தூரத்தைக் கடக்கக் கால் விநாடி பிடிக்கிறது. 40 கஜமானால் அரை விநாடி. நாணின் ஓசையோ விநாடிக்கு 1,100 அடி பாய்ந்து முன்னால் போய்விடுகிறது. அதைக் கேட்ட மான் உடலைத் தாழ்த்திப் பாயத் தொடங்கும். இருதயத்தைக் குறித்த அம்பு வேறெங்கோ தைக்கும். வில்லின் பலத்தைக் கூட்டி இதை வென்றுவிட முடியாது. அருகே செல்வது ஒன்றே வழி. சாப்பாட்டுத் தட்டளவு வட்டத்தில் எத்தனை கஜ தூரத்திலிருந்து பத்து அம்புகளையும் தவறாமல் செலுத்த முடிகிறதோ, அதுவே ஒருவனுடைய எல்லை. அதற்கு அப்பால் நிற்கும் மான் எவ்வளவு அழகானதாயினும் அவன் வணங்கி விட்டுவிட வேண்டியதே. எய்த பின்னும் உடனே ஓடக் கூடாது. அரை மணி நேரமாவது காத்திருந்து, ரத்தச் சுவட்டைப் பின்பற்றிக் கடைசிவரை தேட வேண்டும். அமெரிக்காவில் வேட்டைக்காரருக்கான பாட வகுப்புகளில் இவற்றையெல்லாம் கற்பிக்கிறார்கள்.

அந்தத் தேசத்தில் போப், யங் என்ற இருவர் பெயரையும் தாங்கி 1961-இல் தோன்றிய வில் வேட்டைச் சங்கம், தன் மிக உயர்ந்த பரிசுக்கு இஷியின் பெயரை வைத்திருக்கிறது. மிகச் சிறந்த கொம்புகளோடு வருகிறவருக்கு அந்தப் பரிசு. கொம்பின் அளவை ஒரு நாளும் பாராமல், உணவுக்காக மட்டுமே வேட்டையாடிய அந்த மனிதர் இதைக் கேட்டால் என்ன நினைப்பாரோ!

வில்லின் பெருமையை ஸ்ரீராமனிடம் கேட்டோம். அம்பின் பொறுப்பை அவன் தகப்பனாரிடம் கேட்க வேண்டும். இருளில், குடம் நிறையும் ஓசையை யானை என்று எண்ணித் தசரதன் அம்பு விட்டான். அவனுடைய வில்லில் குறைவில்லை, கையிலும் குறைவில்லை. கண்ணால் காணாததை எய்தான், அவ்வளவுதான். முதல் வில்லை வாங்கப் போகிறவன், கடைக்குள் காலெடுத்து வைக்கு முன் அந்தக் கதையை ஒரு முறை நினைத்துக்கொண்டால் போதும். எந்த வில்லை எடுப்பது என்பது அவனுக்கே தெரிந்துவிடும்.